முதன்முறை தவறிய இளைஞனும் ஊர் விசாரணையும்



மதீனாவில் அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்கள் மீது கல்லெறிந்துகொண்டிருந்த சிறுவர் ஒருவர் பிடிபட்டார். ராஃபிஃ இப்னு அம்ர் என்பது அவரது பெயர். அவரை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நபியவர்கள் முதலில் கேட்டது, ஏன் கல்லெறிகின்றாய் என்பதைத்தான். உண்பதற்காக என்று அவர் சொன்னார். மரத்திற்குக் கல்லெறிய வேண்டாம், கீழே விழுந்து கிடப்பதை எடுத்து உண் என்று வழிகாட்டிய நபியவர்கள், அச்சிறுவரின் தலையைத் தடவி, அவரது வயிறு நிறையப் பிரார்த்தித்து அனுப்பினார்கள். பெரியவரான பின் ராஃபிஃ (ரழி) அவர்களே இதனை அறிவிக்கின்றார்கள். அபூதாவூத், திர்மிதி, இப்னுமாஜா ஆகிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. இதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி ஹதீஸ்கலை அறிஞர்கள் சிலர் பேசியிருக்கின்றனர் என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

அப்பாத் இப்னு ஷுரஹ்பீல் (ரழி) அவர்களின் சம்பவம் இதனை ஒத்தது. பஞ்ச காலத்தில் மதீனாவுக்கு வந்த அவர், பசி தாங்காது ஒரு தோட்டத்தில் நுழைந்து கதிர்களைக் கசக்கி உண்டார். கொஞ்சத்தைத் தம் துணியிலும் எடுத்துக்கொண்டார். தோட்டக்காரர் வந்து அடித்துத் துணியையும் பறித்துக்கொண்டார். விடயம் நபியவர்களிடம் சென்றபோது, கேள்வி கேட்கப்பட்டவர் தோட்டக்காரர்தான். அறியாதிருந்தவருக்கு நீர் கற்றுக்கொடுக்கவில்லை, பசித்திருந்தவருக்கு நீர் உணவளிக்கவில்லை என்ற கருத்தில் அவரைக் கண்டித்து, துணியைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். பசித்தவருக்குத் தானியமும் வழங்கினார்கள்.

இவ்விரு சம்பவங்களையும் அறபுக் கல்லூரியில் ஓதியிருக்கின்றேன். பரீட்சைக்கு எழுதியுமிருக்கின்றேன். ஆயினும் அவை தேவைப்பட்ட ஓர் அஸர் நேரத்தில் என் வாயிலிருந்து அவை வரவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் நமது கரையோரத்து ஊரொன்றில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் சிறு கடையொன்றின் பூட்டை உடைத்து, நாலாயிரம் ரூபா அளவில் பணத்தையும் சில ரீலோட் அட்டைகளையும் எடுத்துவிட்டான். அதற்கு முன் அவன் மீது எந்த முறைப்பாடும் இருந்ததில்லை. பள்ளிவாசல் காரியாலயத்தில் விசாரணை நடந்தது. ஆலிம் என்ற வகையில் என்னையும் அழைத்திருந்தனர். கூலித் தொழிலாளியான அவனது வாப்பா கைகட்டி நின்றார். பணத்தை அவர் கட்ட வேண்டும், பையனின் தலையை மொட்டையடிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஒருவர் அதனைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். இரவுக்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. மறுவாரம் பையன் பாடசாலைக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டான். கடைக்காரர் ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். உமக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த விசாரணையில் எது குறைந்தது என்று யோசித்ததிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது. உலகின் பல நாடுகளில், முதன்முறையாகச் சிறு குற்றம் புரிந்த இளவயதினரைச் சிறைக்கோ சீர்திருத்தப் பாடசாலைக்கோ அனுப்பாது, பாதிக்கப்பட்டவரின் முன் அமர்த்திச் சேதத்தைச் சீர்செய்ய வைக்கும் முறையொன்று வளர்ந்துள்ளது. சீரமைப்பு நீதி என்று அதனைச் சொல்லலாம். வழமையான நீதிமன்றம், எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியவருக்கு என்ன தண்டனை என்று கேட்கின்றது. சீரமைப்பு நீதியோ, யாருக்குப் பாதிப்பு ஏற்பட்டது, அவருக்கு என்ன தேவை, அதனை நிறைவேற்றுவது யார் பொறுப்பு என்று கேட்கின்றது.

இதன் நவீன வரலாறு 1974 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து எல்மைரா என்ற சிற்றூரில் தொடங்கியதாகக் கூறுவர். அங்கு இரு வாலிபர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் யன்னல்களை உடைத்து, வாகனச் சக்கரங்களைக் கிழித்துச் சேதம் விளைவித்தனர். மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை உத்தியோகத்தர், இவர்கள் பாதிக்கப்பட்டோரை நேரில் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் முன்மொழிந்தார். அப்படியொரு வழக்கம் அதற்கு முன் அங்கு இருந்ததில்லை. நீதிபதி இணங்கினார். இருவரும் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி, உங்கள் யன்னலை உடைத்தவன் நான்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சில மாதங்களில் நட்டத்தையும் கொடுத்து முடித்தனர். ஒரு நீதிபதியின் முன் தலைகுனிந்து நிற்பது எளிது. நம் கல் உடைத்த யன்னலுக்குப் பின்னால் இரவெல்லாம் அஞ்சி விழித்திருந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பது அத்தனை எளிதன்று.

இது மேற்கத்தேயப் புதுமை, நமக்கு இதில் என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணக்கூடும். அல்அன்பியா அத்தியாயத்தில் தாவூத், ஸுலைமான் (அலைஹிமஸ்ஸலாம்) ஆகிய இருவரும் தீர்ப்பளித்த பயிர்நில வழக்கு குறிப்பிடப்படுகின்றது. இரவில் ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் மற்றொருவரின் நிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. தஃப்ஸீர் அறிஞர்களின் விளக்கப்படி, நட்டத்திற்கு ஈடாக ஆடுகளையே நிலக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது தந்தையின் தீர்ப்பாக இருந்தது. மகனோ வேறொரு தீர்ப்பைக் கூறினார். நிலம் ஆட்டுக்காரரிடம் செல்லட்டும், அது பழைய நிலைக்கு வரும்வரை அவரே பாடுபடட்டும். அதுவரையில் ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் நிலக்காரர் அனுபவிக்கட்டும், பின்னர் அவரவர் பொருள் அவரவருக்குத் திரும்பட்டும் என்றார். எத்தகைய நுட்பமான தீர்ப்பு! ஆட்டுக்காரர் தம் வாழ்வாதாரத்தை இழக்கவில்லை. ஆனால் தம் ஆடுகள் அழித்த நிலத்தில் தாமே மண்வெட்டி பிடிக்கின்றார்.

நமது ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களிலும் கவனிக்கத்தக்க ஒரு சட்டம் உண்டு. பருவமடையாத சிறுவன் மீது பாவத்தின் பேனா எழுதுவதில்லை. எனினும் பிறர் பொருளை அவன் அழித்தால், ளமான் எனும் நட்டப் பொறுப்பு அவனது சொந்தப் பொருளைச் சாரும். அவனிடம் பொருளில்லையெனில் அது அவன் மீது கடனாக நிற்கும். தண்டனை வேறு, ஈடுசெய்தல் வேறு என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் எவ்வளவு தெளிவாகப் பிரித்திருக்கின்றனர் பாருங்கள். நாமோ இரண்டையும் தலைகீழாக்கிவிட்டோம். தண்டனையைப் பையனுக்குக் கொடுக்கின்றோம், ஈடுசெய்தலை வாப்பாவின் தலையில் கட்டுகின்றோம். வெளிநாட்டில் உழைக்கும் தந்தையொருவர் பணம் அனுப்பினால் விடயம் அன்றே முடிந்துவிடுகின்றது. கூலிக்காரரின் மகன் என்றால் மொட்டை.

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களுக்கு விசாரணை புதிதன்று. தாய்வழிக் குடிகளும், குடிக்கொரு மரைக்காயரும், மரைக்காயர்கள் கூடிய பள்ளிவாசல் சபையும் நமது பாட்டன்மார் காலத்து ஏற்பாடு. வேலித் தகராறு முதல் கைகலப்பு வரை அச்சபையே விசாரித்தது. அதற்கென ஒரு வலிமை இருந்தது. குற்றம் செய்தவனுக்காகப் பேசவும், அவனைத் தட்டிக்கேட்கவும் அவனுடைய குடியிலேயே ஒருவர் இருந்தார். பலவீனமும் இருந்தது. பெரிய குடியின் பிள்ளைக்கு ஒரு நியாயம், சிறு குடியின் பிள்ளைக்கு மற்றொரு நியாயம் என்ற முணுமுணுப்பு எந்தக் காலத்திலும் ஓய்ந்ததில்லை. இன்னொன்று, அச்சபையில் இளைஞருக்கு ஆசனம் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

அந்த ஆசனம் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஒடெஸா நகரில் 1983 இல் தொடங்கிய ஒரு முறை, 2000 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதிக்குள் அந்நாட்டில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவியது. இளையோர் நீதிமன்றம் என்பது அதன் பெயர். முதன்முறை சிறு குற்றம் புரிந்து அதனை ஒப்புக்கொண்ட சிறுவரின் விடயத்தை, பயிற்சி பெற்ற அவரது வயதொத்த மாணவர்களே கேட்டு முடிவு செய்வர். நியூயோர்க்கின் புரூக்லின் பகுதியில், வறுமையும் போதைப்பொருளும் பெயரைக் கெடுத்திருந்த ரெட் ஹூக் என்ற இடத்திலும் 1998 இல் இது தொடங்கப்பட்டது. இங்கெல்லாம் அடியோ அவமானமோ தண்டனையாக வழங்கப்படுவதில்லை. மன்னிப்புக் கடிதம், நட்டஈடு, இத்தனை மணித்தியாலப் பொதுப்பணி என்றவாறே முடிவுகள் அமைகின்றன. பல இடங்களில் மேலும் ஒரு நிபந்தனை உண்டு. தன் கடமைகளை முடித்த சிறுவர், அடுத்து வரும் சிறுவர்களின் விடயங்களைக் கேட்கும் குழுவில் தானும் அமர வேண்டும். குற்றவாளி ஆசனத்தில் இருந்தவர் சில வாரங்களில் எதிர்ப்புறத்து ஆசனத்தில் இருப்பார். 1996 இல் வாஷிங்டன் நகரில் ஆரம்பித்த இளையோர் நீதிமன்றம் இதில் பெயர் பெற்றது.

இதனால் பயன் உண்டா? அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் நான்கு மாநிலங்களில் நடத்திய ஆய்வை 2002 இல் வெளியிட்டது. இளையோர் நீதிமன்றத்திற்குச் சென்றோரில் ஆறு மாதங்களுக்குள் மீண்டும் பிடிபட்டோரை, வழமையான முறையில் கையாளப்பட்டோருடன் அது ஒப்பிட்டது. அலாஸ்காவில் 6 வீதத்திற்கு எதிராக 23 வீதம், மிஸூரியில் 9 வீதத்திற்கு எதிராக 28 வீதம் என்று பெரும் வித்தியாசம் தெரிந்தது. அரிஸோனாவில் வித்தியாசம் சிறியது. மேரிலாண்டிலோ இளையோர் நீதிமன்றம் சென்றோரே, சிறிதளவாயினும், அதிகமாக மீண்டும் தவறினர். ஆகவே இது கைகண்ட மருந்து என்று நான் எழுதமாட்டேன். ஆனால் ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. நல்ல பலன் தெளிவாகத் தெரிந்த அலாஸ்காவிலும் மிஸூரியிலும் நீதிபதியின் ஆசனத்தில் பெரியவர் அன்றி இளைஞரே அமர்ந்திருந்தனர்.

காரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு என் போன்ற மௌலவி சொல்லும் புத்தி, மின்விசிறிச் சத்தம் போன்றது. காதில் விழும், மனதில் நிற்காது. அதையே அவனோடு கடற்கரையில் பந்து விளையாடும் பதினெட்டு வயதுப் பையன், நீ செய்தது சரியில்லை மச்சான் என்று சொன்னால் அவன் தலை கவிழும். அதே பையன் தோளில் கைபோட்டு, வா, அந்தக் கடைக்கு நானும் வாறன் என்றால் அவன் எழுந்து நடப்பான்.

இளைஞரிடம் தீர்ப்பை ஒப்படைப்பதா என்று மூத்தோர் தயங்குவர். அலீ (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, நான் வயதில் இளையவன், தீர்ப்பளிக்க அறியேனே என்று அவர்களும் தயங்கினார்கள். நபியவர்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை. முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு தரப்பைக் கேட்டது போலவே மறு தரப்பையும் கேட்கும் வரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதே அந்தப் பாடத்தின் சாரம்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடமுண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, சிறு காயம் விளைவித்தல், சொத்துச் சேதம், அத்துமீறி நுழைதல், மிரட்டல் போன்ற சில குற்றங்கள் பொதுவாக நீதிமன்றம் செல்லுமுன் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டும். மத்தியஸ்தர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். இரு தரப்பும் தத்தமக்கு ஒருவரைத் தெரிவு செய்ய, மூவர் அடங்கிய குழு அமர்கின்றது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கில்லை. இணக்கத்திற்கு உதவுவதே வேலை. பாடசாலைகளில் மாணவரையே மத்தியஸ்தராகப் பயிற்றுவிக்கும் திட்டத்தையும் நீதியமைச்சு நடத்தியுள்ளது. வழக்கு நீதிமன்றத்திற்கே சென்றாலும், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 306 ஆம் பிரிவின் கீழ், முதல் தடவை தவறியவரின் வயது, நடத்தை முதலியவற்றைக் கருதி, குற்றவாளியாகப் பதியாது நிபந்தனையுடன் விடுவிக்க நீதவானுக்கு அதிகாரமுண்டு. 2018 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி 12 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகவே கொள்ளப்படுவதில்லை. முன்பு அந்த எல்லை 8 வயதாக இருந்தது. 12 இற்கும் 14 இற்கும் இடைப்பட்டோரின் முதிர்ச்சியையும் நீதிமன்றம் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு மஹல்லாவில் இதனைத் தொடங்கப் புதுச் சட்டம் தேவையில்லை. அஹதிய்யா மாணவர், உயர்தர வகுப்பினர், விளையாட்டுக் கழகத்தவர் என்று பதினாறு முதல் இருபத்திரண்டு வயதுக்குட்பட்ட ஐந்தாறு பேர் போதும். ஒரே குடியினராகவோ ஒரே கட்சியினராகவோ அவர்கள் இருக்கலாகாது. பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் ஒருவர் அருகில் இருக்கட்டும். பள்ளி நிருவாகத்தவர் வெளியே இருப்பது நல்லது. இடம் வாசிகசாலையாகவோ பாடசாலை அறையாகவோ இருக்கட்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு இதில் வேலையில்லை. கைத்தொலைபேசிகளை வாசலில் ஒரு பெட்டியில் வைத்துவிட வேண்டும். பையனும் பெற்றோரும் மனமுவந்து வந்திருக்க வேண்டும். செய்ததை அவன் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மறுக்கின்றவனின் குற்றத்தை நிரூபிப்பது நீதிமன்றத்தின் வேலை, பிள்ளைகளின் வேலையன்று. முடிவு சிறியதாகவும், செய்து முடிக்கக்கூடியதாகவும், திகதி குறிக்கப்பட்டதாகவும் எழுதப்பட வேண்டும். பூட்டை உடைத்தவன் பூட்டு வாங்கட்டும். சனிக்கிழமைகளில் கடையைக் கூட்டட்டும். தான் உழைத்த பணத்தில் தவணை கட்டட்டும்.

இளைஞர் இளகிய மனத்தினர் என்று எண்ணிவிட வேண்டாம். விட்டுவிட்டால் பெரியவர்களை விடக் கடுமையான முடிவுகளை எடுப்பார்கள். அதனால்தான் பயிற்சியும், அருகில் ஒரு முதிர்ந்தவரும் தேவைப்படுகின்றனர். மது அருந்தியதற்காகக் கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் தடுத்த ஹதீஸை இக்குழுவினர் முதல் நாளிலேயே படித்திருக்க வேண்டும்.

வேறோர் ஆபத்தை நான் அதிகம் அஞ்சுகின்றேன். மன்னிப்பது நன்மை என்று குத்பாவில் சொல்கின்றோம். அதனையே வைத்துப் பாதிக்கப்பட்டவரை நெருக்குகின்றோம். மார்க்கம் மன்னிப்பைத் தூண்டுகின்றது, ஆனால் உரிமையைக் கேட்பவரைப் பழிக்கவில்லை. அல்லாஹ் மன்னிப்பவன், நீர் மட்டும் ஏன் மன்னிக்கமாட்டீர் என்று ஒருவரைக் கூட்டத்தில் வைத்துக் கேட்பது ஸுல்ஹ் அன்று, நிர்ப்பந்தம். அவர் வர விரும்பாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும். அவருக்குரிய நட்டஈடு அங்கு போய்ச் சேரட்டும்.

எல்லாக் குற்றமும் இங்கு வரலாகாது. பாலியல் துஷ்பிரயோகம், ஆயுதத் தாக்குதல், போதைப்பொருள் விற்பனை ஆகியவற்றைப் பள்ளிவாசலிலோ இளைஞர் குழுவிலோ பேசி மூடுவது அநீதியாகும். பிள்ளையொன்று துன்புறுத்தப்பட்டால் 1929 என்ற இலக்கத்திற்கு அறிவிக்க வேண்டும். ஊர் மானம் போய்விடும் என்று அதனைத் தடுத்தவர்களை நான் அறிவேன். எந்த மானம் என்று அவர்களிடமே கேட்டிருக்கின்றேன். போதைக்கு அடிமையான பையனுக்கோ முதலில் வைத்தியம் வேண்டும். பொலிஸில் ஏற்கனவே பதிவான விடயத்தில் நாமாகப் புகுந்து குழப்பாது, சட்டத்தரணியையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ அணுகுவதே முறை.

முன்னர் குறிப்பிட்ட அந்தக் கடைக்காரரை அண்மையில் ஒரு ஜனாஸாவில் சந்தித்தேன். அன்று உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று மிகத் தாமதமாகக் கேட்டேன். பணத்தை அவர் பெரிதாக நினைத்திருக்கவில்லை. பையனின் தலையை மழித்ததைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டதாகச் சொன்னார். அதன் பின் பல மாதங்கள் இரவில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சென்றவர், பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாராம். ஏன் என் கடையைத் தெரிவு செய்தாய் என்று அந்தப் பையனிடம் கேட்க வேண்டும் என்பதே அவரது ஆசையாக இருந்திருக்கின்றது. அந்தப் பையன் தினமும் அவரிடம் டொபி வாங்கியவன். பையன் இப்போது வேறோர் ஊரில் வேலை செய்வதாகவும், பெருநாளைக்கு மட்டும் இரவில் வந்து விடியுமுன் போய்விடுவதாகவும் அவர் சொன்னார்.

அவனது தொலைபேசி இலக்கத்தை நான் பெற்றிருக்கின்றேன். வருகின்ற பெருநாளைக்குப் பகலில் வரச் சொல்லி, அவனைக் கடைக்கு அழைத்துச் செல்ல உத்தேசம். என்னோடு அவனுடைய வகுப்பில் படித்த இருவரும் வருகின்றார்கள். நான் கடை வாசலிலேயே நின்றுகொள்வேன்.